மாணவியர் டீன் லூசி ஸ்லோ அம்மையார்

மகளை வெளியூர்க் கல்லூரியில் சேர்த்துவிட்டு வீடு திரும்பும் பெற்றோரின் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி பாடத்தைப் பற்றியதன்று. "அங்கே என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?" என்பதே அக்கேள்வி. விடுதி எப்படி இருக்கும், உடல்நலம் குன்றினால் கவனிப்பார் உண்டா, பாடம் நடத்துவோர் கண்ணியமாக நடந்துகொள்வார்களா என்று வாப்பா ஒரு பக்கமும் உம்மா ஒரு பக்கமும் எண்ணி எண்ணி உறக்கமின்றிக் கிடப்பது நம் இல்லங்களில் புதிதன்று. இந்தக் கேள்விக்கு விடையாகத் தம் வாழ்வையே அமைத்துக்கொண்டு, 15 ஆண்டுகள் ஒரு பதவியின் மானத்தைக் காப்பதற்காகப் போராடி, அப்பதவியில் இருந்தபடியே கண்மூடிய ஒரு பெண்மணியின் வரலாற்றை இம்மாதம் காண்போம். அமெரிக்க நாட்டுக் கறுப்பினத்தில் தோன்றிய அவர் பெயர் லூசி டிக்ஸ் ஸ்லோ.

பதவி பிறந்த கதை

மருத்துவக் கல்லூரியின் தலைவரை 'டீன்' என்று அழைப்பதை நாம் அறிவோம். அமெரிக்கக் கல்லூரிகளில் 'மாணவியர் டீன்' என்றொரு தனிப் பதவி இருந்தது. அந்நாட்டில் ஓஹியோ மாநிலத்தில் 1833-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஓபர்லின் கல்லூரி, ஆண்களோடு பெண்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. பின்னர் வேறு பல கல்லூரிகளும் அவ்வழியிற் சென்றன. பெண்கள் வந்து சேர்ந்ததும், "இவர்களைக் கண்காணிப்பது யார்?" என்ற கவலை நிருவாகத்தாரைப் பிடித்துக்கொண்டது. வயது முதிர்ந்த ஓர் அம்மையாரை மேட்ரனாக அமர்த்தி, விளக்கணைக்கும் நேரத்தையும் வெளியே போய்வரும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளச் செய்தால் போதும் என்று பலரும் கருதினர்.

1892-ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகம் திறக்கப்பெற்றபோது இந்நிலையில் ஒரு மாற்றம் வந்தது. ஆலிஸ் ஃப்ரீமன் பால்மர், மரியன் டால்பட் ஆகிய கற்றறிந்த இரு பெண்மணிகள் மாணவியரின் பொறுப்பை ஏற்றனர். பேராசிரியருக்குரிய கல்வியும் தகுதியும் உடையவரே அப்பதவிக்கு உரியவர் என்னும் எண்ணம் அதன்பின் மெல்ல வேரூன்றியது. 1916-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா ஆசிரியர் கல்லூரியில் மாணவியர் டீன்கள் கூடித் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கத்தை நிறுவினர். அப்பணிக்கென்று தனிப் பயிற்சி வகுப்புகளும் அக்கல்லூரியில் உருவாயின.

ஆனால், இவையெல்லாம் பெரும்பாலும் வெள்ளை இனத்தாருக்கு உரிய ஏற்பாடுகளாகவே இருந்தன. அடிமைத்தளை அறுந்து இரண்டு தலைமுறையே கண்டிருந்த கறுப்பின மக்களின் கல்லூரிகளில், மாணவியரின் பொறுப்பு மேட்ரன்களிடமே இருந்துவந்தது. அந்த நிலையை மாற்றியவரே லூசி ஸ்லோ.

அநாதைக் குழந்தை

வர்ஜீனியா மாநிலத்தில் பெர்ரிவில் என்னும் சிற்றூரில் 1880-களில் பிறந்தார் லூசி. கைக்குழந்தையாய் இருக்கும்போதே தந்தை மறைந்தார். பள்ளி செல்லும் பருவம் வருவதற்குள் தாயும் மறைந்தார். தந்தையின் உடன்பிறந்த மார்த்தா பிரைஸ் என்னும் மாமி அக்குழந்தையை அழைத்துச் சென்று வளர்த்தார். மாமி கண்டிப்பானவர்; தன் காலில் நிற்கும் பழக்கத்தை இளமையிலேயே ஊட்டியவர். பிள்ளைகளின் கல்விக்காகவே அக்குடும்பம் பால்டிமோர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அப்போது லூசிக்கு வயது 13.

அந்நகரின் கறுப்பினப் பிள்ளைகளுக்குரிய உயர்நிலைப் பள்ளியில் 1904-ஆம் ஆண்டு இரண்டாம் இடம் பெற்றுத் தேறிய லூசிக்கு வாஷிங்டன் நகரின் ஹோவர்ட் பல்கலைக்கழகம் உதவித்தொகை வழங்கியது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கல்விக்காக 1867-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற நிலையம் அது. மாணவியாக இருந்த நாளிலேயே அவருடைய தலைமைப் பண்பு வெளிப்பட்டது. 1908-ஆம் ஆண்டு ஹோவர்டில் தொடங்கப்பெற்ற 'ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா' என்னும் சங்கம், கறுப்பின மாணவியர் தமக்கென அமைத்துக்கொண்ட சங்கங்களுள் மூத்தது. அதனை நிறுவியோருள் லூசியும் ஒருவர். அதே ஆண்டில் வகுப்பின் முதல் மாணவியாகப் பட்டம் பெற்றார்.

பிறகு பால்டிமோரில் தாம் பயின்ற பள்ளிக்கே திரும்பிச் சென்று ஆங்கிலம் கற்பித்தார். விடுமுறைக் காலங்களில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1915-ஆம் ஆண்டு எம்.ஏ. பட்டம் பெற்றார். அதன்பின் வாஷிங்டனில் ஆம்ஸ்ட்ராங் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையானார்.

1917-ஆம் ஆண்டு கறுப்பின ஆட்டக்காரர்களுக்கான முதல் தேசிய டென்னிஸ் போட்டி பால்டிமோரில் நடைபெற்றபோது, மகளிர் பிரிவில் வென்றவர் நம் ஆசிரியைதான். எந்த விளையாட்டிலும் தேசிய அளவில் வாகை சூடிய முதற் கறுப்பினப் பெண்மணி என்ற சிறப்பு அவரைச் சேர்ந்தது.

1919-ஆம் ஆண்டு, வாஷிங்டன் நகரக் கறுப்பினப் பிள்ளைகளுக்கென முதல் நடுநிலைப் பள்ளி 'ஷா' என்னும் பெயரால் திறக்கப்பெற்றது. அதனை உருவாக்கித் தலைமையேற்கும் பொறுப்பு லூசியிடம் ஒப்படைக்கப்பட்டது. பள்ளி நன்றாக நடக்க வேண்டுமாயின் ஆசிரியர்கள் முதலில் நன்றாகப் பயில வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் துணையோடு ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பை வாஷிங்டனிலேயே நடத்த ஏற்பாடு செய்தார். நிறத்தால் பள்ளிகள் பிரிந்து கிடந்த அந்நகரில், அவ்வகுப்பில் மட்டும் இரு நிறத்து ஆசிரியர்களும் ஒன்றாய் அமர்ந்து கற்றனர்.

அழைப்பும் நிபந்தனைகளும்

1922-ஆம் ஆண்டு ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவர் டர்க்கி, மாணவியர் டீனாகப் பொறுப்பேற்க வருமாறு லூசியை அழைத்தார். தாம் படித்த பல்கலைக்கழகமே அழைக்கிறது, கிடைத்தற்கரிய பெருமை. வேறொருவராயின் மறுநாளே மூட்டை கட்டியிருப்பார். லூசி அவ்வாறு செய்யவில்லை. தம் நிபந்தனைகளை எழுத்தில் வடித்து அனுப்பினார்.

பேராசிரியர் தகுதி வேண்டும். கல்வியியல் துறையில் இடம் வேண்டும். அலுவலகத்துக்கு உதவியாளர் வேண்டும். வளாகத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாகாது. மாணவியர் தொடர்பான கொள்கைகள் யாவும் தம் அலுவலகத்திலிருந்தே தலைவரின் ஒப்புதலுடன் வெளிவர வேண்டும் என்பன அவற்றுள் முதன்மையானவை. பதவியை ஏற்குமுன் அதன் எல்லைகளை வரையறுத்துக்கொண்ட அவருடைய முன்யோசனையை நாம் கருதிப் பார்க்க வேண்டும். வெறும் கண்காணிப்பாளருக்குப் பேராசிரியர் தகுதி எதற்கு, கல்வியியல் துறையில் இடம் எதற்கு? மாணவியரை உருவாக்குவதும் ஒரு கல்விப் பணியே என்பதை அந்த நிபந்தனைகளே பறைசாற்றின. பல்கலைக்கழகம் இசைந்தது. ஹோவர்டின் முதல் நிரந்தர மாணவியர் டீனாக லூசி ஸ்லோ பொறுப்பேற்றார். ஆங்கிலமும் கற்பித்தார்.

அவர் கண்ட மாணவியர்

ஹோவர்டுக்கு வந்த பெண்களுள் மிகப் பலர் ஆசிரியைகளாக வேண்டும் என்ற எண்ணத்தோடு வந்தவர்கள். அக்காலத்தில் படித்த கறுப்பினப் பெண்ணுக்குத் திறந்திருந்த பெரிய வாயில் ஆசிரியப் பணி ஒன்றே. இப்பெண்கள் பட்டம் பெற்றுத் தென் மாநிலங்களின் பள்ளிகளுக்குச் செல்வார்கள். ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பயில்வார்கள். ஆகவே, ஒரு மாணவியை எப்படி நடத்துகிறோமோ அப்படியே ஒரு தலைமுறையும் நடத்தப்படும் என்பதை லூசி நன்கு உணர்ந்திருந்தார்.

அடக்கி வைக்கப்பட்ட ஒரு பெண், வகுப்பறையில் தன் மாணவர்களையும் அடக்கியே வைப்பாள். எந்த முடிவையும் தானாக எடுத்துப் பழகாதவள், நெருக்கடி வரும்போது எவரையேனும் எதிர்பார்த்துக் கைபிசைந்து நிற்பாள். கட்டுப்பாடு வேண்டாம் என்று லூசி சொல்லவில்லை. தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளப் பெண்கள் பழக வேண்டும். அதற்குரிய பயிற்சிக்களமாகக் கல்லூரியும் விடுதியும் அமைய வேண்டும் என்றார். மாணவியர் தமக்கென ஒரு மன்றம் அமைத்துத் தம் காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ள ஊக்கமளித்தார். புதிதாக வருவோருக்கு மூத்த மாணவியர் துணை நிற்க ஏற்பாடு செய்தார்.

பொறுப்பேற்ற 1922-ஆம் ஆண்டிலேயே மகளிர்க்கு மட்டுமான ஆண்டு விருந்து ஒன்றைத் தொடங்கி வைத்தார். மாணவியரும் ஆசிரியைகளும் பட்டம் பெற்றுச் சென்ற பழைய மாணவியரும் ஒரே மேசையில் அமர்வர். கிராமத்திலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பெண், தன் இனத்தில் மருத்துவராகவும் வழக்குரைஞராகவும் உயர்ந்த பெண்களை அருகிலிருந்து பார்ப்பாள். நூறு அறிவுரைகளால் ஆகாத காரியத்தை அந்த ஒரு மாலைப் பொழுது செய்துவிடும்.

ஆசிரியப் பணி ஒன்றையே எண்ணிக்கொண்டிராமல் பொருளாதாரமும் அரசியலும் சமூகவியலும் பெண்கள் பயில வேண்டும் என்றும் அவர் வற்புறுத்திவந்தார். நாட்டில் என்ன நடக்கிறது என்று அறியாதவளால் நாட்டின் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்க முடியும்? கறுப்பினப் பெண்களின் உயர்கல்வி பற்றி 1933-ஆம் ஆண்டு ஒரு கல்வி இதழில் அவர் எழுதிய கட்டுரை இக்கருத்தையே வலியுறுத்தியது. வீட்டிலும் கோயிலிலும் பிறர் சொல்வதைக் கேட்டே பழகிய பெண்ணைக் கல்லூரியும் அவ்வாறே நடத்துமாயின், அவள் தலைமைக்கு எப்போது பழகுவாள் என்பது அவர் வினா.

தனித்து நின்றவர் ஒன்றுசேர்த்தவர்

1923-ஆம் ஆண்டு, கல்லூரியில் பயின்ற கறுப்பினப் பெண்களின் தேசியச் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவராக லூசி தேர்ந்தெடுக்கப்பட்டார். தம்மினக் கல்லூரிகளில் பெண்களின் நிலை எவ்வாறு உள்ளது, ஆசிரியர் குழுவில் பெண்கள் உளரா, தகுதி வாய்ந்த மாணவியர் டீன் உண்டா என்பவற்றை அச்சங்கம் ஆராய்ந்து, தரத்தை உயர்த்துமாறு நிருவாகங்களை வேண்டியது.

மாணவியர் டீன்களின் தேசியச் சங்கத்தின் கூட்டங்களுக்கும் லூசி சென்றுவந்தார். ஆனால், அக்காலத்தில் பல நகரங்களில் மாநாடு நடைபெறும் ஓட்டல்களில் கறுப்பினப் பெண் தங்கவோ உடன் அமர்ந்து உண்ணவோ இயலாது. மேலும், தம்மவர் கல்லூரிகளின் இடர்ப்பாடுகள் வேறு. அவற்றை அங்கே பேசுவதற்கு இடமுமில்லை. எனவே, 1929-ஆம் ஆண்டு கறுப்பினக் கல்லூரிகளில் மாணவியர் பொறுப்பில் இருந்தவர்களை ஹோவர்டுக்கு வரவழைத்து ஒரு மாநாடு கூட்டினார். அதிலிருந்து அவர்களுக்கென ஒரு தனிச் சங்கம் தோன்றியது. எங்கோ ஒரு மூலையில் தன்னந்தனியாய் நிருவாகத்தோடு மன்றாடிக்கொண்டிருந்த பெண்களுக்கு, தம்மைப் போன்றோர் பலர் உளர் என்ற தெம்பு பிறந்தது.

விடுதிகளும் அவர் முயற்சியால் எழுந்தன. இட நெருக்கடியால் பல மாணவியர் வளாகத்துக்கு வெளியே வாடகை அறைகளில் தங்கிப் படித்துவந்தனர். 1931-ஆம் ஆண்டு மாணவியருக்கென மூன்று புதிய விடுதிகள் வளாகத்தில் திறக்கப்பெற்றன. படுத்துறங்கும் கொட்டகைகளாக அவை இருத்தல் ஆகாது, நல்ல இல்லம் போல் இருக்க வேண்டும் என்பது லூசியின் விருப்பம். அவற்றின் பொறுப்பிலும் படித்துப் பயிற்சி பெற்ற பெண்களே இருக்க வேண்டும் என்றார்.

ஒரு புகாரும் அதன் விலையும்

இனி, இவ்வரலாற்றின் கசப்பான பகுதிக்கு வருவோம்.

1926-ஆம் ஆண்டு மார்டெகாய் ஜான்சன் ஹோவர்டின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதற் கறுப்பினத்தவர் அவர். நாவன்மை மிக்கவர், பல்கலைக்கழகத்தைப் பெரிதாக வளர்த்தவர். அவருடைய பெருமையை வரலாறு மறுக்கவில்லை. ஆயினும், லூசியின் அலுவலகத்துக்கு அவர் காலம் இறங்குமுகமாக அமைந்தது.

1927-ஆம் ஆண்டு, பேராசிரியர் ஒருவர் வகுப்பில் மாணவியர் முன்னிலையில் தகாத சொற்களைப் பேசுகிறார் என்று ஒரு மாணவியின் பெற்றோரிடமிருந்து புகார் வந்தது. புகாரை லூசி ஒதுக்கித் தள்ளவில்லை. முதலில் அப்பேராசிரியரிடமே தனிமையில் எடுத்துரைத்தார். அவர் திருந்துவதற்குப் பதில் லூசியையே இழித்துக் கடிதம் எழுதினார். விவகாரம் தலைவரிடம் சென்றது. முடிவில் அம்மனிதர் வேலையிலிருந்து நீக்கப்படவில்லை. மேற்படிப்புக்கென்று விடுப்பில் அனுப்பப்பட்டார். அதன்பின், மற்ற டீன்களுக்கு ஊதியம் ஏறிய அளவுக்கு லூசிக்கு ஏறவில்லை. டீன்கள் கூடும் அவையிலும் அவருக்கு இடம் இல்லாது போயிற்று. அலுவலகத்துக்கான நிதியும் ஆட்களும் குறைக்கப்பட்டனர்.

பெற்றோரின் இடத்தில் நின்று ஒரு பெண்ணின் கண்ணியத்துக்காகப் பேசியவருக்குக் கிடைத்த பரிசு இது! புகார் சொல்பவரைத் தொல்லை தருபவராகப் பார்க்கும் வழக்கம் எந்த நாட்டுக்கும் எந்தக் காலத்துக்கும் உரியதாகவே இருக்கிறது.

1933-ஆம் ஆண்டில் மற்றொரு சோதனை வந்தது. வளாகத்துக்குள் வந்து குடியிருக்க வேண்டும் என்று லூசிக்கு உத்தரவு பிறந்தது. அவரோ 1922 முதல் நகரின் புரூக்லாண்ட் பகுதியில், ஆசிரியையும் நாடகாசிரியையுமான மேரி பர்ரில் என்னும் தோழியோடு சொந்த வீட்டில் வாழ்ந்துவந்தார். மாணவியரை அவ்வீட்டுத் தோட்டத்துக்கு அழைத்து விருந்தோம்புவதும் அவர் வழக்கம். உத்தரவு வீட்டைப் பற்றியதாகத் தோன்றினாலும் அதன் உட்பொருள் வேறு என்பதை லூசி கண்டுகொண்டார். ஆண் டீன்களுள் எவரையும் வளாகத்தில் குடியிருக்குமாறு எவரும் சொல்லவில்லை. விடுதி வாசலில் ஒரு டீனைக் குடிவைப்பது, அப்பதவியை மீண்டும் மேட்ரன் வேலையாக்குவதே ஆகும். பணியேற்ற நாளில் ஒப்புக்கொண்ட நிபந்தனையையும் அவர் நினைவூட்டினார். பழைய மாணவியரும் மகளிர் அமைப்பினரும் அவருக்காக எழுதினர், பேசினர். இறுதிவரை அவர் தம் வீட்டிலேயே வாழ்ந்தார். ஆனால், வெற்றிபெற்ற அப்போராட்டம் அவர் உடலைத் தின்றுவிட்டது.

அந்நெருக்கடிகளுக்கு இடையிலும் பொதுப்பணியை அவர் கைவிடவில்லை. 1935-ஆம் ஆண்டு மேரி மெக்லியோட் பெத்யூன் அம்மையார் கறுப்பின மகளிரின் தேசிய மன்றத்தைத் தோற்றுவித்தபோது, அதன் முதற் செயலாளராக உடன் நின்றவர் லூசி. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், நோயுற்றிருந்த லூசி ஸ்லோ இவ்வுலகை நீத்தார். அப்போதும் அவர் ஹோவர்டின் மாணவியர் டீன்தான்.

நின்று நிலவும் பணி

அவர் பெயரால் வாஷிங்டனில் ஒரு விடுதியும் ஒரு தொடக்கப் பள்ளியும் பின்னாளில் ஏற்பட்டன. ஹோவர்டின் வழிபாட்டுக் கூடத்தில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சாளரம் அவர் நினைவைச் சுமந்து நிற்கிறது. அவர் வாழ்ந்த வீடு 2020-ஆம் ஆண்டு வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆயினும், கல்லைக் காட்டிலும் மனிதர்களே அவருக்கு நல்ல நினைவுச் சின்னம். அவரிடம் பயின்று 1925-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற ஹில்டா டேவிஸ், பின்னர் அலபாமா மாநிலத்தின் டாலடேகா கல்லூரியில் மாணவியர் டீனாகி, தம் ஆசிரியையின் வழியிலேயே பல ஆண்டுகள் பணியாற்றினார். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டது.

சகோதர சகோதரிகளே! மகளைக் கல்லூரியில் சேர்க்கச் செல்லும்போது கட்டடத்தைப் பார்க்கிறோம், கட்டணத்தைக் கேட்கிறோம், சுற்றுச்சுவரின் உயரத்தையும் அளந்து பார்க்கிறோம். அவற்றோடு இன்னும் சில கேள்விகளையும் கேட்க வேண்டும். இங்கே பெண்பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர் யார்? அவர் கற்றவரா? நிருவாகக் கூட்டத்தில் அவருக்கு இடம் உண்டா? என் மகள் ஒரு குறையைச் சொன்னால், அதை அச்சமின்றி மேலிடத்துக்குக் கொண்டுசெல்லும் அதிகாரம் அவருக்கு உண்டா?

கல்வி நிலையங்களை நடத்தும் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். மாணவியர் பொறுப்புக்கு ஓர் அம்மையாரை அமர்த்தும்போது, கையில் பூட்டுச் சாவியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். உங்கள் அவையில் ஒரு நாற்காலியும் கொடுங்கள். சாவி மட்டும் உள்ளவர் கதவைத்தான் காக்க முடியும். லூசி ஸ்லோ 15 ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த நாற்காலியைத்தான்.